கணக்கும் சுதேசியாக வேண்டும்

தொழிலில் சுதேசியம் வேண்டும் என்பதை இன்று நம் தேசத்தில் மறுப்பவர் எவருமில்லை. மறுத்த காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது. இரும்பு, சிமெண்டு, ரயில் எஞ்சின், ராக்கெட்டு முதலியவற்றை நாமே செய்துகொள்கிறோம். இன்னும் செய்யாதவற்றைச் செய்தாக வேண்டுமென்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அந்த யந்திரங்களைச் செய்வதற்கு முன்பு போடவேண்டிய கணக்கு எவருடையது என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. அந்நிய தேசத்தார் எழுதிப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு வருஷாவருஷம் கப்பம் கட்டி, அது காட்டும் வர்ணப் படத்தைப் பார்த்துத் திருப்தியடைகிறவனுடைய தொழில் எங்ஙனம் சுதேசித் தொழிலாகும்? இதைப் பொதுப்படையாகப் பேசினால் வெறும் வாதமாகவே முடியும். ஆகையால் ஒரேயொரு யந்திரத்தை எடுத்துக்கொண்டு விஷயத்தை ஆராய விரும்புகிறோம். அதன் பெயர் தூண்டல் பிளாஸ்மா டார்ச்.

பெயர் நீளமானது, பொருள் எளியது. ஒரு குவார்ட்ஸ் குழாயைச் சுற்றி மூன்று நான்கு சுற்றுள்ள தாமிரச் சுருளை வைத்து, அச்சுருளில் வினாடிக்குப் பல லக்ஷம் முதல் சில கோடி முறை திசை மாறும் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். சுருளுக்குள் காந்த சக்தி மாறிமாறித் தோன்றுகிறது. குழாய்க்குள் செல்லும் ஆர்கான் வாயுவில் ஒரு பொறியை உண்டாக்கிவிட்டால் போதும். பொறியினால் விடுபட்ட எலெக்ட்ரான்களை அக்காந்த சக்தி வளையமாகச் சுழலச் செய்கிறது. அவை மோதுகிற மோதலில் வாயுவே மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாகிவிடுகிறது. கம்பி வாயுவைத் தொடவில்லை. மின்முனை எதுவும் ஜ்வாலைக்குள் இல்லை. ஆயினும் ஜ்வாலையின் உஷ்ணம் 8,000 முதல் 10,000 டிகிரி வரையில் ஏறுகிறது. சூரியனுடைய மேற்பரப்பின் உஷ்ணமே சுமார் 5,500 டிகிரிதான். அந்த ஜ்வாலையைச் சூழ்ந்திருக்கும் குவார்ட்ஸ் குழாயோ 1,700 டிகிரிக்குள் இளகிவிடக்கூடியது. நெருப்புக்கும் குழாய்க்கும் நடுவே ஓடும் குளிர்ந்த வாயுத் திரை ஒன்றே குழாயைக் காப்பாற்றுகிறது.

மின்முனையின்றி வாயுவில் ஒளி எழுப்பும் வித்தையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்டிருந்தார்கள். லெனின்கிராடில் பாபாட் என்பவர் 1940-களில் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். ஓடும் வாயுவில் நிலையாக எரியும் டார்ச்சாக அதை அமைத்தவர் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் ஸ்தாபனத்தின் லிங்கன் ஆராய்ச்சிச் சாலையிலிருந்த ரீட். அது 1961-ம் வருஷத்தில். மூன்று நான்கு வருஷங்களுக்குள் இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்டும் அமெரிக்காவில் ஃபாஸலும் இந்த ஜ்வாலையை இரசாயனப் பரிசோதனைக்கு உபயோகிக்கத் தொடங்கினார்கள். ஒரு துளி தண்ணீரைப் பனிபோல் தூவி இந்த ஜ்வாலையின் நடுவே செலுத்தினால், அதிலுள்ள ஒவ்வோர் உலோகமும் தன் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வங்காளத்துக் கிணற்று நீரில் ஆர்செனிக் விஷம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும், குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இன்று உலகெங்கும் நம்பப்படும் கருவிகளில் இது முதன்மையானது. பெரிய டார்ச்சுகளில் உலோகத் தூளை உருக்கி உருண்டை மணிகளாக்குகிறார்கள். அத்தூள்தான் அடுக்கடுக்காக உலோக பாகங்களை அச்சிடும் புதிய தொழிலுக்கு மூலப்பொருள். விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தின் கவசத்தைப் பூமியிலேயே சோதிப்பதற்கும் இதுவே கருவி.

இவ்வளவு உபயோகமுள்ள ஜ்வாலையின் உள்ளே என்ன நடக்கிறதென்று எப்படி அறிவது? உஷ்ணமானியை உள்ளே விட்டால் அது ஆவியாகிவிடும். தண்ணீர் ஓட்டிக் குளிரவைத்த கம்பியை விட்டால், அக்கம்பியே ஜ்வாலையைக் கலைத்துவிடும். வெளியிலிருந்து ஒளியைப் பார்த்து அளக்கலாம். ஆனால் சுருளும் குழாயும் மறைக்கின்றன. மேலும் பார்வைக் கோட்டிலுள்ள எல்லா அடுக்குகளின் ஒளியும் ஒன்றாய்க் கலந்துதான் நமது கண்ணுக்கு வருகிறது. ஆகவே கணக்கு ஒன்றே கதி. இந்த இடத்தில் கணக்கு என்பது யந்திரத்துக்குப் பின்னால் வரும் அலங்காரமன்று. யந்திரத்தின் கண்ணே அதுதான்.

அக்கணக்கு இலகுவானதென்று எவரும் எண்ணவேண்டாம். காந்தத்துக்கு மாக்ஸ்வெல் சமன்பாடுகள். வாயுவின் ஓட்டத்துக்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். உஷ்ணத்துக்குத் தனிச் சமன்பாடு. இவற்றைத் தனித்தனியே தீர்க்க முடியாது. உஷ்ணம் மாறினால் வாயுவின் மின்கடத்தும் சக்தி மாறுகிறது; அது மாறினால் காந்தம் ஊடுருவும் ஆழம் மாறுகிறது; காந்தம் மாறினால் உஷ்ணம் பிறக்கும் இடம் மாறுகிறது; உஷ்ணம் மாறினால் ஓட்டம் மாறுகிறது. ஒன்றையொன்று துரத்தும் இந்நான்கையும் ஒருங்கே பிடித்தாக வேண்டும். வினாடிக்கு 2 கோடியே 70 லக்ஷம் முறை மாறும் சிறிய டார்ச்சில் காந்தம் ஜ்வாலைக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே செல்கிறது. 4 லக்ஷம் முறை மாறும் பெரிய டார்ச்சில் அதைப்போல் சுமார் எட்டு மடங்கு செல்கிறது. ஆகையால் சுருளின் நடுவே ஜ்வாலை மையத்தைவிட ஓரத்தில்தான் அதிக உஷ்ணமாயிருக்கிறது. பனித்துளியை மையத்தின் வழியே நுழைக்க முடிவதும் அதனாலேயே. ஓரங்களில் எலெக்ட்ரான் ஓர் உஷ்ணத்திலும் அணு வேறோர் உஷ்ணத்திலும் இருப்பதுண்டு. அப்போது ஒரே ஜ்வாலைக்கு இரண்டு உஷ்ணங்களை வைத்துக் கணக்கிட வேண்டும். போதாததற்குச் சுருள் வட்டமன்று, திருகு. எனவே பாதிக் குழாயைக் கணக்கிட்டு மறுபாதியும் அப்படியே என்று சொல்லவும் முடியாது.

இத்தகைய கணக்கினால் என்ன பயன் விளைந்தது என்பதற்குக் கனடா தேசத்து உதாரணம் ஒன்று போதும். கியூபெக் மாகாணத்து ஷெர்புரூக் சர்வகலாசாலையில் பூலோஸ் என்ற பேராசிரியர் 1976-ம் வருஷத்தில் ஜ்வாலையின் ஓட்டத்தையும் உஷ்ணத்தையும் இரண்டு பரிமாணங்களில் கணக்கிட்டு வெளியிட்டார். சுருளின் காந்த சக்தி வாயுவை உள்நோக்கிப் பிழிவதால் ஜ்வாலைக்குள் சுழல்கள் உண்டாகி, வாயுவில் ஒரு பகுதி வந்த வழியே மேலேறித் திரும்புகிறதென்பது அக்கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து தூவும் தூள் உள்ளே போகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுவே. தூள் விடும் குழலைச் சுழலுக்குக் கீழே இறக்கினால் தொல்லை தீரும். பின்பு 1985-ல் அதே குழுவினர் வேறொரு கணக்குப் போட்டார்கள். தூளை அதிகமாக விட்டால் தூளே ஜ்வாலையின் உஷ்ணத்தைக் குடித்துவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தூள் உருகாமலே கீழே விழும். எவ்வளவு விடலாமென்பதைக் கணக்கு முன்கூட்டியே சொல்லும். 1990-ம் வருஷத்தில் அந்தச் சர்வகலாசாலையிலிருந்தே டெக்னா என்ற கம்பெனி பிறந்தது. இன்று தூண்டல் பிளாஸ்மா யந்திரங்களையும் உருண்டை உலோகத் தூளையும் உலகுக்கு விற்கிறது. கணக்குப் போட்ட அறைதான் அங்கே தொழிற்சாலையைப் பெற்றது. நம்முடைய தென்கோடியில் மணவாளக்குறிச்சி மணலில் டைட்டானியம் தாது கிடக்கிறது. அதை மணலாகவும் மாவாகவும் விற்பதோடு நிற்கப்போகிறோமா, உலோகத் தூளாக்கி விற்கும் நிலைக்கு உயரப்போகிறோமா என்ற கேள்வியில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

விண்கலத்தின் கவசத்தைப் பற்றிச் சொல்லும்போது விஷயம் இன்னும் கூர்மையாகிறது. வினாடிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் திரும்பும் கலத்தின் முன்னே காற்றே பிளாஸ்மாவாகிறது. அதே நிலையைப் பூமியில் உண்டாக்கிக் கவசத் துண்டைச் சோதிக்கவேண்டும். மின்வில்லினால் காற்றைச் சுடவைத்தால் மின்முனையின் தாமிரம் தேய்ந்து காற்றில் கலந்துவிடுகிறது. தூண்டல் டார்ச்சில் அந்தக் கலப்படம் இல்லை. மாஸ்கோவின் யந்திரவியல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் இம்முறையில்தான் புரான் விண்கலத்தின் ஓடுகளைச் சோதித்தார்கள். அது 1988 நவம்பர் 15-ந் தேதி ஆளின்றிப் பறந்து பத்திரமாய்த் திரும்பியது. பெல்ஜியத்தில் ஃபான் கார்மன் ஸ்தாபனத்திலுள்ள 1,200 கிலோவாட் பிளாஸ்மாட்ரான் இவ்வகையில் மிகுந்த சக்தியுள்ள யந்திரமென்று பெயர் பெற்றது.

இவ்விரண்டு இடங்களிலும் நடப்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். கவசத்தைத் தாக்கும் வாயுவில் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறதென்று நேரே காட்டும் கருவி கிடையாது. கவசத்தின் இடத்தில் குளிர்ந்த தாமிரத் தகட்டை வைத்து அதில் ஏறும் உஷ்ணத்தையும், வாயுவின் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். பிறகு டார்ச்சின் உள்ளேயும் தகட்டின் முன்னேயும் ஓடும் வாயுவைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, இவ்வளவு உஷ்ணம் ஏறவேண்டுமானால் வாயுவில் இவ்வளவு சக்தி இருந்திருக்கவேண்டுமென்று பின்னோக்கிச் செல்கிறார்கள். ஆகவே அங்கே அளவீடு என்பதே பாதி கணக்கு. டார்ச் நம்முடையதாயிருந்து, கணக்கு பிறனுடையதாயிருந்தால், அளவுகோலில் பாதியைப் பிறன் கையில் கொடுத்துவிட்டவர்களாவோம்.

நம் தேசம் 2007 ஜனவரியில் ஒரு கலத்தை விண்ணிலிருந்து வங்காள விரிகுடாவில் இறக்கி மீட்டது. 2014 டிசம்பரில், மனிதரை ஏற்றுவதற்கென்று அமைத்த கலத்தின் மாதிரியொன்றையும் ஏவி, அந்தமானுக்கு அருகில் கடலிலிருந்து எடுத்தது. திருவனந்தபுரத்தில் பிளாஸ்மா காற்றுச் சுரங்கம் இருக்கிறது. இவை சிறிய காரியங்களல்ல. இவற்றைச் செய்தவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. நாம் கேட்பது வேறு. நம் சர்வகலாசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இத்தகைய கணக்குகளைப் போடும் நூற்றுக்கணக்கான வாலிபர்கள், தாம் உபயோகிக்கும் புரோகிராமின் உள்ளே எழுதியிருப்பதைக் காணமுடியுமா? லைசென்ஸ் தீர்ந்த மறுநாள் அவர்கள் கை என்ன செய்யும்?

இது கற்பனைப் பயம் என்பவர்களுக்குச் சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். பெரிய கிரே கம்ப்யூட்டரைக் கேட்டபோது அமெரிக்க சர்க்கார் சிறியதையே கொடுத்தது. அதுவும் வானிலைக் காரியத்துக்கு மட்டுமென்று கட்டுப்பாடு வைத்து. அந்த அவமானத்திலிருந்துதான் ஸிடாக் ஸ்தாபனம் பிறந்து, 1991-ல் பரம் 8000 என்ற சுதேசிக் கம்ப்யூட்டரைத் தந்தது. 1998-ல் பொக்ரான் சோதனைக்குப் பின்பு நம் விஞ்ஞான ஸ்தாபனங்கள் பலவற்றை அமெரிக்கா தடைப் பட்டியலில் ஏற்றிற்று. விண்வெளி ஸ்தாபனங்கள் 2011-ல் நீக்கப்பட்டன. நமது கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நீக்கப்பட்டது 2025 ஜனவரியில். கால் நூற்றாண்டு! ஒரு விஞ்ஞானி வேலையில் சேர்ந்து ஓய்வுபெறும் அளவுக்குக் காலம். தடை யந்திரத்துக்கு மட்டும் உரியதன்று, புரோகிராமும் சரக்குதான். இன்று சிநேகமாயிருப்பவர் நாளையும் அப்படியே இருப்பாரென்று எழுதிக் கொடுத்தவர் யார்?

இங்கே ஓர் ஆக்ஷேபம் வரும். விஞ்ஞானத்துக்குத் தேசமேது, மாக்ஸ்வெல் சமன்பாட்டுக்கு ஜாதி உண்டா என்பார்கள். இல்லைதான். சமன்பாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்று சொல்லவில்லை. உலகத்தில் திறந்து கிடப்பதை எடுத்துக்கொள்வதில் வெட்கமுமில்லை. 2004-ம் வருஷம் முதல் ஓபன்ஃபோம் என்ற பெரிய புரோகிராம், மூல எழுத்துடன் எவரும் எடுத்துத் திருத்தும்படி வெளியிடப்பட்டு வருகிறது. மேற்சொன்ன பெல்ஜிய ஸ்தாபனம், உயர் உஷ்ண வாயுவின் குணங்களைக் கணக்கிடும் மியூடேஷன்++ என்ற தொகுதியைத் திறந்தே வைத்திருக்கிறது. பூட்டிய பெட்டியை வாங்குவதற்கும் திறந்த புத்தகத்தைப் படிப்பதற்கும் வித்தியாசமுண்டு. படித்துத் திருத்தி, நமது டார்ச்சுக்கு ஏற்றபடி எழுதிச் சேர்த்து, பிழை கண்டால் பிழையென்று உலகுக்குச் சொல்லும் யோக்கியதை நமக்கு வந்துவிட்டால், அக்கணக்கு சுதேசிக் கணக்கே. எழுத்து எந்த ஊரில் தொடங்கியதென்பது முக்கியமன்று.

பிறரைக் குறைகூறுவது எளிது. நம்மவர் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவர் ஐந்து வருஷம் இரவும் பகலும் உழைத்து ஜ்வாலையின் கணக்கை எழுதுகிறார். பட்டம் கிடைக்கிறது. அவர் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார். எழுதிய புரோகிராம் பழைய கம்ப்யூட்டரோடு மூலையில் கிடந்து மடிகிறது. அடுத்த மாணவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். அல்லது, யாருக்கு வந்த தொல்லை என்று பூட்டிய பெட்டியையே வாங்கும்படி ஆசிரியரைக் கேட்கிறார். இரண்டுக்கும் செலவாவது ஜனங்களுடைய வரிப்பணம். கால்வாய் வெட்டிய காண்ட்ராக்டர், வேலை முடிந்ததும் கால்வாயைத் தன்னோடு எடுத்துப் போக அனுமதிப்போமா? பொதுப் பணத்தில் எழுதிய கணக்கு, எழுதியவர் பெயர் விளங்க, பொது இடத்தில் இருக்கவேண்டும். இந்தச் சின்ன விதியை வைப்பதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும்.

மற்றொரு குறை வர்ணப் படத்தின் மயக்கம். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திரையில் ஜ்வாலை தோன்றியவுடன், உண்மை ஜ்வாலையையே பார்த்துவிட்டதாக எண்ணும் வாலிபர்களும், அப்படத்தைக் கண்டு பணம் அனுமதிக்கும் அதிகாரிகளும் உண்டு. 10,000 டிகிரியில் வாயுவின் பாகுத்தன்மை எவ்வளவு, மின்கடத்தும் சக்தி எவ்வளவு என்ற அட்டவணை தப்பாயிருந்தால், எத்தனை பெரிய கம்ப்யூட்டரும் தப்பையே துல்லியமாகச் சொல்லும். இத்தாலியில் பாரி நகரத்தாரும், ஆஸ்திரேலியாவில் ஸிஎஸ்ஐஆர்ஓ ஸ்தாபனத்தாரும் இந்த அட்டவணைகளுக்காகவே பல்லாண்டு உழைத்திருக்கிறார்கள். அது படத்தில் தோன்றாத உழைப்பு. நம்மிடம் அந்த உழைப்புக்கு மதிப்பு குறைவு.

கணக்கை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தால் என்ன ஆகுமென்பதற்கு, கர்னால் நகரில் பிறந்த நம் கல்பனா சாவ்லாவை இழந்த கொலம்பியா விபத்தைவிடத் துயரமான சாக்ஷி வேண்டியதில்லை. 2003 ஜனவரியில் புறப்படும்போது ஒரு நுரைத் துண்டு கலத்தின் இடது சிறகைத் தாக்கியது. ஓடுகளின் சேதத்தைக் கணக்கிட்ட புரோகிராம் மிகச் சிறிய துண்டுகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. விழுந்த துண்டோ கன அளவில் நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. கணக்கு ஆழமான சேதத்தையே காட்டிற்று. இந்தப் புரோகிராம் எப்போதும் மிகைப்படுத்துவது என்று எண்ணி அதைத் தள்ளிவிட்டார்கள். சிறகின் முன்விளிம்போ உண்மையில் உடைந்திருந்தது. பிப்ரவரி 1-ந் தேதி அந்தத் துளை வழியே நெருப்பு புகுந்து எழுவர் மாண்டனர். அது பிளாஸ்மா டார்ச்சின் கணக்கன்று. ஆனால் எந்தக் கணக்கை எதுவரை நம்பலாமென்று தெரியாதவர்கள் கையில் கணக்கு எப்படிப் பயனற்றுப் போகிறதென்பதைக் காட்டுகிறது. எல்லையை அறியவேண்டுமானால் உள்ளே எழுதியிருப்பதை அறியவேண்டும். நம் கையால் செய்த பரிசோதனையோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பூட்டிய பெட்டியில் இவை நடவா.

ஆகவே, கணக்குப் போடுவோரையும் டார்ச்சை எரிப்போரையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைக்க வேண்டுமென்கிறோம். பெரிய யந்திரம் தேவையென்று காத்திருக்கவும் வேண்டாம். நம் ஊர்ப் பரிசோதனைச் சாலைகளில் தண்ணீரையும் தானியத்தையும் சோதிக்கும் சிறிய டார்ச்சே போதும். அது நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஆர்கானைக் குடிக்கிறது. ஏழு கன மீட்டர் வாயுவுள்ள சிலிண்டர் ஒன்று எட்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஜில்லா ஊர்களில் பரிசோதனைச் சாலை நடத்துவோருக்கு இது எவ்வளவு பாரமென்பதை அவர்களே அறிவார்கள். குழாயின் இடைவெளியையும் வாயு நுழையும் கோணத்தையும் கணக்கிட்டுத் திருத்தி, குறைந்த வாயுவில் ஜ்வாலையை நிலைநிறுத்தும் டார்ச்சை நம் வாலிபர்கள் அமைத்தால், ஆர்செனிக் கலந்த தண்ணீர் குடிக்கும் கிராமத்துக்குச் சோதனை சமீபத்தில் கிட்டும். விண்கலத்தின் கணக்குக்கும் இதே சமன்பாடுகள்தான். கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடமில்லை.

திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ம் வருஷம் பரம் பொருள் என்ற பெரிய கம்ப்யூட்டர் ஸ்தாபிக்கப்பட்டது. தமிழ்ப் பெயர் சூட்டியதற்கு மகிழ்ந்தோம். அதன் நேரத்தில் ஒரு பங்கைத் திறந்த எழுத்துள்ள சுதேசிக் கணக்குகளுக்கென்றே ஒதுக்கவேண்டும். பொதுப் பணம் பெற்று எழுதப்படும் ஒவ்வொரு புரோகிராமும், அதைச் சரிபார்த்த பரிசோதனையின் எண்களும், மாணவர் பட்டம் பெறுவதற்கு முன்பே பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையை விஞ்ஞான இலாகா தன் அடுத்த வருஷத்து மானியப் பத்திரங்களிலேயே சேர்க்கவேண்டும். இவ்விஷயத்தைச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் எழுப்பும்படி நம் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.